யுகுலேலேயில் சஸ்பெண்டட் கார்டுகள்: முதலில் காந்தாரத்தைத் தேடுங்கள்

யுகுலேலேயில் டி மேஜர் கார்டை (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு) பிடித்துக்கொள்ளுங்கள். ஜி, சி, இ ஆகிய மூன்று தந்திகளின் இரண்டாவது ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் பிரிக்கும் கட்டங்களில் இரண்டாவதில்) ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மோதிர விரலும் வரிசையாக அமர்ந்திருக்க, ஏ தந்தி மட்டும் திறந்திருக்கும். ஒருமுறை மீட்டிவிட்டு, மோதிர விரலை மட்டும் எடுத்து மீண்டும் மீட்டுங்கள். பிறகு அந்த விரலைப் பழைய இடத்திலேயே வைத்து, அதே தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் சுண்டு விரலையும் ஊன்றி இன்னொரு முறை மீட்டுங்கள். மற்ற மூன்று தந்திகளிலும் எதுவும் மாறவில்லை. ஆனால் முதல் முறை நிறைவாக ஒலித்த கார்டு, இரண்டாம் முறை காற்றோட்டம் கூடியதாகவும், மூன்றாம் முறை அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்பதாகவும் ஒலிக்கும். சஸ்பெண்டட் (சுருக்கமாக சஸ்) கார்டுகளைப் பற்றி நான் இங்கே எழுத நினைப்பதில் பெரும்பகுதி இந்த ஒரு விரலின் நகர்வுக்குள் அடங்கிவிடுகிறது.

எழுதும் வசதிக்காகக் கார்டு வடிவங்களை நான்கு எண்களால் குறிக்கிறேன். வாசிப்பவரின் முகத்துக்கு அருகிலுள்ள ஜி தந்தியில் தொடங்கி, சி, இ என்று தரையை நோக்கி இறங்கி, ஏ தந்தியில் முடியும் வரிசை அது. சுழியம் என்றால் திறந்த தந்தி. அதன்படி டி மேஜர் 2220. மோதிர விரலை எடுத்தபோது கிடைத்தது 2200. அது டி சஸ்2. சுண்டு விரலைச் சேர்த்தபோது கிடைத்தது 2230. அது டி சஸ்4. இவற்றுக்கு நடுவே 2210 என்றொரு வடிவமும் இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரிந்த டி மைனர்.

நம் ஸ்வரங்களைக் கொண்டு பார்த்தால் இந்த நான்கும் உடனே விளங்கிவிடும். டி-யை ஷட்ஜமாகக் கொள்வோம். சி தந்தியின் இரண்டாவது ஃபிரெட் அந்த ஷட்ஜத்தைத் தருகிறது. ஜி தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டும் திறந்த ஏ தந்தியும் பஞ்சமத்தைத் தருகின்றன. எஞ்சியிருக்கும் இ தந்தியில், திறந்த நிலையிலிருந்து மூன்றாவது ஃபிரெட் வரை, சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம் என்று நான்கு படிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ச-க-ப என்று மூன்று ஸ்வரங்கள் சேர்ந்தால் மேஜர் அல்லது மைனர். அந்தக் காந்தாரத்தை விலக்கி ரிஷபத்தை அமர்த்தினால் சஸ்2, மத்யமத்தை அமர்த்தினால் சஸ்4. எண் இல்லாமல் வெறுமனே சஸ் என்று எழுதியிருந்தால் அது சஸ்4-ஐக் குறிப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே விலக்குதல் என்பது முக்கியம். சி மேஜரில் (0003) சி தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டையும் அழுத்தினால் 0203 கிடைக்கும். அதில் ரிஷபம் ஒலிப்பது உண்மைதான். ஆனால் திறந்த இ தந்தியில் காந்தாரமும் ஒலித்துக்கொண்டிருப்பதால் அது சஸ்2 ஆகாது. சி ஆட்9 என்ற வேறொரு கார்டு. கேட்பதற்கு இனிமையானது, ஆனால் அதில் காத்திருப்பு கிடையாது. காந்தாரம் எங்கேயாவது ஒரு தந்தியில் மிஞ்சியிருந்தால் கார்டின் குணம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அது மேஜரா மைனரா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. சஸ்பெண்டட் கார்டின் அழகு அந்தக் கேள்வியைத் திறந்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

ஆகவே, இந்தக் கார்டுகளைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று. படங்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், நீங்கள் ஏற்கெனவே வாசிக்கும் ஒவ்வொரு கார்டிலும் காந்தாரம் எந்தத் தந்தியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் சஸ்2-உம் சஸ்4-உம் எங்கே இருக்கின்றன, எது எளிதாகக் கிடைக்கும், எது கிடைக்கவே கிடைக்காது என்பதெல்லாம் தாமாகவே தெரிந்துவிடும். நான்கே தந்திகள் கொண்ட கருவியில் இந்தத் தேடல் அதிக நேரம் எடுக்காது. கிதாரில் ஆறு தந்திகளில் காந்தாரம் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கக்கூடும். யுகுலேலேயில் பெரும்பாலான கார்டுகளில் அது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. இந்தச் சிறிய கருவி சஸ்பெண்டட் கார்டுகளைக் கற்க மிகவும் தோதானது என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

ஜி மேஜரை எடுத்துக்கொள்வோம். 0232 என்ற அந்த வடிவத்தில் காந்தாரம் ஏ தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டில், வழக்கமான விரலமைப்பின்படி நடுவிரலின் கீழ் இருக்கிறது. நடுவிரலை எடுத்தால் 0230, அது ஜி சஸ்2. முதல் ஃபிரெட்டுக்கு இறக்கினால் 0231, அது ஜி மைனர். சுண்டு விரலை மூன்றாவது ஃபிரெட்டில் வைத்தால் 0233, அது ஜி சஸ்4. டி கார்டில் இ தந்தி செய்த வேலை முழுவதையும் இங்கே ஏ தந்தி செய்கிறது. டி, ஜி ஆகிய இரண்டு கார்டுகளிலும் நான்கு படிகளும் ஒரே தந்தியில் முழுமையாகக் கிடைப்பதால், தொடங்குகிறவர்கள் இந்த இரண்டிலும்தான் நெடுநேரம் தங்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏ மேஜருக்கு (2100) வரும்போது ஒரு படி குறைகிறது. அங்கே காந்தாரம் சி தந்தியின் முதல் ஃபிரெட்டில் இருக்கிறது. ஒரு ஃபிரெட் மேலே போனால் 2200, அது ஏ சஸ்4. விரலை எடுத்துவிட்டால் 2000, அது ஏ மைனர். அதற்கும் கீழே இறங்கி ரிஷபத்தைத் தொட வேண்டுமென்றால் சி தந்தியில் இடமில்லை, ஏனென்றால் திறந்த தந்தியைவிடத் தாழ்ந்த ஒலி அதில் கிடையாது. எனவே ஏ சஸ்2-க்கு 2402 என்ற வேறொரு வடிவத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. படங்களை மட்டும் பார்த்துக் கற்பவர்களுக்கு, ஏ சஸ்4 அவ்வளவு எளிதாகவும் ஏ சஸ்2 அவ்வளவு தொலைவாகவும் இருப்பது விளங்காத புதிராகத் தோன்றும். சி மேஜரிலும் இதே கதைதான். அங்கே காந்தாரம் திறந்த இ தந்தியிலேயே இருப்பதால், முதல் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தாலே 0013 என்ற சி சஸ்4 கிடைத்துவிடும். சஸ்2-க்கோ 0233 என்று கையை முழுவதுமாக மாற்ற வேண்டும்.

இ மேஜர் யுகுலேலே வாசிப்பவர்களுக்குத் தொல்லை தரும் கார்டு என்பது தெரிந்ததே. 4442 என்ற வடிவத்துக்குப் பதிலாக 1402 என்ற வடிவத்தில் அதை வாசித்தால், காந்தாரம் ஜி தந்தியின் முதல் ஃபிரெட்டில் தனியாக நிற்பதைக் காணலாம். அதை ஒரு ஃபிரெட் மேலே நகர்த்தினால் 2402, அது இ சஸ்4. கீழே விட்டுவிட்டால் 0402, அது இ மைனர். இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தெரிகிறது: இ-யின் காந்தாரம் ஜி தந்தியில், ஏ-யின் காந்தாரம் சி தந்தியில், டி-யின் காந்தாரம் இ தந்தியில், ஜி-யின் காந்தாரம் ஏ தந்தியில். நான்கு தந்திகளும் ஆளுக்கொரு கார்டின் காந்தாரத்தைத் தாங்குகின்றன. இதை முதன்முதலாகக் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

எஃப் மேஜர் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காது. 2010 என்ற வடிவத்தில் ஜி தந்தியின் இரண்டாவது ஃபிரெட், திறந்த ஏ தந்தி என்று இரண்டு இடங்களில் ஒரே காந்தாரம் ஒலிக்கிறது. நடுவிரலை மட்டும் எடுத்து 0010 என்று வாசித்துவிட்டு, அதை எஃப் சஸ்2 என்று எண்ணிக்கொள்வது மிக இயல்பாக நேரக்கூடியது. ஆனால் ஏ தந்தியில் காந்தாரம் இன்னும் ஒலிக்கிறது. அது எஃப் ஆட்9. இரண்டு காந்தாரங்களையும் அகற்றினால்தான் சஸ் கார்டு பிறக்கும். எஃப் சஸ்4-க்கு 3011, அதாவது ஜி தந்தியில் மூன்றாவது ஃபிரெட்டும், இ, ஏ தந்திகளில் முதல் ஃபிரெட்டும். எஃப் சஸ்2-க்கு 0013. இந்தக் கடைசி வடிவத்தைச் சற்று முன்பு வேறொரு பெயரில் பார்த்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குத் திரும்பி வருகிறேன்.

விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சஸ்4-ஐ வாசிக்கும்போது காந்தாரத்தை அழுத்தியிருக்கும் விரலை எடுத்துவிட்டு, அதே விரலை அடுத்த ஃபிரெட்டுக்கு நகர்த்த வேண்டிய தேவையே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதற்கு மேலே சுண்டு விரலோ மோதிர விரலோ வந்து அமரட்டும். ஒரு தந்தியில் எந்த விரல் முன்னால் இருக்கிறதோ அதன் ஒலிதான் கேட்கும். சுண்டு விரலை எடுத்த கணத்திலேயே காந்தாரம் தயாராகக் காத்திருக்கும், தாளம் தடைபடாது. இதற்கு டி கார்டை மூன்று விரல்களால் பிடிக்கும் பழக்கம் உதவும். ஒரே விரலைப் படுக்க வைத்து மூன்று தந்திகளையும் அழுத்துபவர்கள் சஸ்4-ஐ எளிதாக வாசிக்கலாம், ஆனால் சஸ்2-க்காக இ தந்தியை மட்டும் விடுவிப்பது அவர்களுக்குக் கடினம். சுண்டு விரல் தொடக்கத்தில் வலுவின்றி இருக்கும், தந்தியைத் தொட்டும் தொடாமலும் அதன் ஒலியை அமுக்கிவிடும். ஃபிரெட் கம்பிக்கு மிக அருகில், விரலின் நுனியால், தேவையான அளவு மட்டுமே அழுத்தினால் சில வாரங்களில் அது சீராகிவிடும்.

சஸ்பெண்டட் கார்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது வெறும் வரலாற்று ஆர்வம் அல்ல, வாசிப்பையே மாற்றக்கூடிய அறிவு. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தேவாலயக் கூட்டுப்பாடல்களில், பல குரல்கள் ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு நகரும்போது, ஒரு குரல் மட்டும் பழைய ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். புதிய கார்டுக்குள் அந்த ஸ்வரம் பொருந்தாமல் உராயும். பிறகு அது ஒரு படி இறங்கித் தன் இடத்தை அடையும். முன்பே ஒலித்திருத்தல், பிடித்து நிற்றல், இறங்கி இணைதல் என்று மூன்று நிலைகள் அதற்கு உண்டு. பிற்காலத்தில், குறிப்பாக 1960களின் ஜாஸ் இசையில், இறங்கி இணைய வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. சஸ் கார்டுகள் தம் சொந்தக் காலில் நின்று, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகச் செல்லத் தொடங்கின. இன்றைய திரையிசையிலும் மேற்கத்திய மெல்லிசையிலும் இரண்டு வகைப் பயன்பாட்டையும் கேட்கலாம்.

அந்தப் பழைய மூன்று நிலைகளையும் யுகுலேலேயில் விரல்களால் உணர முடியும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சி மேஜரை மோதிர விரலால் பிடியுங்கள்: 0003. அந்த விரலை எடுக்காமலேயே, ஆள்காட்டி விரலை இ தந்தியின் முதல் ஃபிரெட்டிலும் நடுவிரலை சி தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டிலும் வையுங்கள்: 0213. இது ஜி7 சஸ்4, அதாவது ஜி சஸ்4-ஓடு ஜி-யின் நிஷாதமும் சேர்ந்த கார்டு. இப்போது மோதிர விரலை மட்டும் ஒரு ஃபிரெட் பின்னால் இழுங்கள்: 0212. இது வழக்கமான ஜி7, அதன் வழக்கமான விரலமைப்போடு. பிறகு மோதிர விரலைப் பழையபடி மூன்றாவது ஃபிரெட்டுக்கு ஏற்றி மற்ற இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டால் மீண்டும் சி மேஜர். இந்த நகர்வு முழுவதிலும் மோதிர விரல் ஏ தந்தியைவிட்டு விலகவே இல்லை. சி மேஜரில் அது வீட்டில் இருந்தது. கார்டு மாறியபோதும் அங்கேயே பிடிவாதமாக நின்றது. பிறகு ஒரு படி இறங்கி இணைந்தது. முன்பே ஒலித்தல், பிடித்து நிற்றல், இறங்குதல் ஆகிய மூன்றும் ஒரே விரலில் நடந்து முடிகின்றன.

சி-யை ஷட்ஜமாகக் கொண்டு பாடிப் பார்த்தால் அந்த விரல் பாடுவது ச, ச, நி, ச. அதே நேரத்தில் இ தந்தியில் க, ம, ம, க என்று இன்னொரு சிறு வரி ஓடுகிறது. ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு தட்டு கொடுத்து, மெட்ரோனோமை நிதானமாக வைத்து இதை வாசித்துக்கொண்டே அந்த இரண்டு வரிகளையும் மாறி மாறி வாய்விட்டுப் பாடுங்கள். காதும் விரலும் குரலும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கும் போது, இந்தக் கார்டு எதற்காக இருக்கிறது என்பது விளக்கமில்லாமலே புரிந்துவிடும். ஒரு பாடலின் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் இந்த நான்கு கார்டுகளையும் வைத்துப் பாருங்கள். வெறும் ஜி7 தரும் தள்ளுதலைவிட, சஸ் வழியாக வரும் ஜி7 எவ்வளவு மென்மையாகக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது என்று கேட்கலாம்.

இப்போது, திரும்பி வருவதாகச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். 0013 சி சஸ்4 என்று பார்த்தோம். அதுவே எஃப் சஸ்2 என்றும் பார்த்தோம். இது தற்செயல் அன்று. ச-ரி-ப என்ற சஸ்2-இல் பஞ்சமத்தை எடுத்து அதையே புதிய ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், பழைய ஷட்ஜம் மத்யமமாகவும் பழைய ரிஷபம் பஞ்சமமாகவும் மாறிவிடும். ச-ம-ப என்ற சஸ்4 கிடைக்கும். ஸ்வரங்களை மாற்றாமல் ஆதார ஷட்ஜத்தை மட்டும் மாற்றும் கிரக பேதத்தை அறிந்தவர்களுக்கு இது மிகப் பழக்கமான செயல். மூன்று ஸ்வரங்களுக்குள் நடக்கும் மிகச் சிறிய கிரக பேதம் இது என்று சொல்லலாம். எனவே 0013 என்பது சி சஸ்4, எஃப் சஸ்2. 0233 என்பது ஜி சஸ்4, சி சஸ்2. 0230 என்பது டி சஸ்4, ஜி சஸ்2. 2200 என்பது ஏ சஸ்4, டி சஸ்2. 2402 என்பது இ சஸ்4, ஏ சஸ்2. ஐந்து வடிவங்களைக் கற்றால் பத்துப் பெயர்கள் கைக்கு வந்துவிடுகின்றன. டி சஸ்4-க்கு மட்டும், டி மேஜரிலிருந்து போவதற்கு 2230 இன்னும் வசதியாக இருப்பதால் நான் அதையே அதிகம் வாசிக்கிறேன்.

ஒரே வடிவத்துக்கு இரண்டு பெயர் என்றால் எது சரி என்று எப்படித் தீர்மானிப்பது? கிதாரிலோ பியானோவிலோ அடியில் ஒலிக்கும் மந்தர ஸ்வரம் அதைச் சொல்லிவிடும். மதீரா தீவினர் 1879-இல் ஹவாய்க்குக் கொண்டு வந்த சிறு தந்திக் கருவிகளிலிருந்து பிறந்த யுகுலேலேக்கு அந்த வசதி இல்லை. வழக்கமான சுருதி அமைப்பில் முதலில் வரும் ஜி தந்தி, அதற்கு அடுத்த சி, இ தந்திகளைவிட உயரமானது. கருவியின் மிகத் தாழ்ந்த ஒலியே நடு சி-தான். அடித்தளம் இல்லாத கார்டில், எது ஷட்ஜம் என்பதைக் காது தனக்கு முன்னால் கேட்டதை வைத்தே முடிவு செய்கிறது. டி மேஜரை வாசித்துவிட்டு 2200-ஐ வாசித்தால் அது டி சஸ்2-ஆகவே கேட்கும்; ஏ மேஜரை வாசித்துவிட்டு வாசித்தால் அதே 2200 ஏ சஸ்4 ஆகிவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் கேட்டுப் பார்ப்பது, எந்தப் பாடப்புத்தகமும் தர முடியாத அனுபவம். உடன் ஒருவர் பேஸ் கிதார் வாசித்தால், அவர் தொடும் ஒற்றை ஸ்வரம் உங்கள் கார்டின் பெயரை மாற்றிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உயர்ந்த ஜி தந்தி இன்னொன்றையும் செய்கிறது. 0013 என்ற சி சஸ்4-இல் திறந்த ஜி தந்தி 392 ஹெர்ட்ஸிலும், அழுத்திய இ தந்தி ஏறத்தாழ 349 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. அதாவது பஞ்சமமும் மத்யமமும் ஒரே ஸ்தாயியில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. தாழ்ந்த ஜி தந்தி பூட்டிய யுகுலேலேயில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி விலகிவிடுவதால் அந்த உரசல் தணிந்து கார்டு அகலமாக ஒலிக்கும். இரண்டுக்கும் அழகு உண்டு என்றாலும், சஸ்4-இன் ஏக்கத்தை முழுமையாகக் கேட்க வேண்டுமென்றால் உயர்ந்த ஜி-யே சிறந்தது என்பேன்.

இத்தகைய நெருக்கத்தில் சுருதி சிறிது பிசகினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். மேஜர் கார்டில் காந்தாரத்தின் இனிமை சில பிசகுகளை மூடி மறைக்கும். ஷட்ஜமும் மத்யமமும் பஞ்சமமும் மட்டுமே இருக்கும் சஸ் கார்டு அப்படி எதையும் மறைக்காது. இதையே ஒரு சோதனையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். 0230-ஐப் பிடித்து, திறந்த ஜி தந்தியையும் இ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டையும் மட்டும் முதலில் தனித்தனியாகவும் பிறகு ஒன்றாகவும் மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்தாயியின் ஒரே ஸ்வரம். 2200-இல் ஜி தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டும் திறந்த ஏ தந்தியும் அதேபோல் ஒன்றே. இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது அலையலையாக நடுக்கம் கேட்டால், ட்யூனரை எடுங்கள். தந்திகள் சரியாக இருந்தும் நடுக்கம் நீடித்தால் விரல் தேவைக்கு மேல் அழுத்துகிறது அல்லது தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்று பொருள்.

மீட்டும் விதத்தில் யுகுலேலேயின் இயல்பை மதிக்க வேண்டும். அதன் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். பியானோவில் ஒரு சஸ் கார்டை நான்கு தட்டு நீளத்துக்குத் தொங்கவிட்டு, அதன் உராய்வை அனுபவித்துவிட்டு இறக்கலாம். இங்கே நான்காவது தட்டு வருவதற்குள் உராய்வதற்கு ஒலியே மிஞ்சியிருக்காது. எனவே ஒன்று, சஸ் கார்டை இடைவிடாமல் மீட்டி உயிரோடு வைத்திருக்க வேண்டும். அல்லது இரண்டு தட்டுக்குள் காந்தாரத்துக்கு இறங்கிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது மூன்றாவதொரு வழி: சஸ்4-ஐ மீட்டியதும், வலக்கை மறுபடி மீட்டாமலேயே, சுண்டு விரலைத் தந்தியைச் சுண்டியபடி எடுத்துவிடுவது. கிதார் வாசிப்பவர்கள் புல்-ஆஃப் என்று சொல்வது இதுதான். மற்ற மூன்று தந்திகள் இன்னும் அதிர்ந்துகொண்டிருக்க, மத்யமம் மட்டும் காந்தாரத்தில் வழுக்கி விழும். டி, ஜி கார்டுகளில் இது அழகாக அமையும். ஏ கார்டில் சி தந்தி சற்றுத் தடிமனாக இருப்பதால் கூடுதல் பழக்கம் தேவைப்படும்.

பாடலுக்குத் துணையாக வாசிக்கும்போது எந்த இடத்தில் சஸ் கார்டைப் போடுவது என்பதற்கு மெட்டுதான் விடை சொல்லும். அந்த இடத்தில் பாடுபவரின் குரல் கார்டின் மத்யமத்தில் நின்றால் சஸ்4, ரிஷபத்தில் நின்றால் சஸ்2 இயல்பாகப் பொருந்தும். குரல் காந்தாரத்தில் நிற்கும் இடத்தில் சஸ்4-ஐ வைத்தால், அரைச் சுர இடைவெளியில் குரலும் கருவியும் மோதிக்கொள்ளும். பாடுபவர் தம் சுருதியையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். குரல் ஓய்ந்திருக்கும் இடைவெளிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரே கார்டு எட்டுத் தட்டு நீளத்துக்கு அசையாமல் நிற்கும் வரிகளில், டி, டி சஸ்4, டி, டி சஸ்2 என்று ஒரு விரலை மட்டும் அசைத்தாலே கார்டு மாறாமல் ஓர் உள்மெட்டு உருவாகும். ஆனால் எல்லாக் கார்டுகளையும் இப்படி அலங்கரித்துக்கொண்டே போனால் காத்திருப்பதற்கான காரணமே போய்விடும்; ஒரு பாடலில் இரண்டு மூன்று இடங்களே போதும் என்பது என் அளவுகோல்.

மேஜரிலிருந்து மைனருக்குச் செல்ல வேண்டிய பாடல்களில் இந்தக் கார்டுகளுக்கு இன்னொரு பயன் உண்டு. 2100, 2200, 2000 என்று வாசித்துப் பாருங்கள். ஏ மேஜரின் வெளிச்சம் சஸ்4-இல் நிறமிழந்து, அடுத்த கணம் ஏ மைனராக இறங்கும்போது, அந்த மாற்றம் உதறலாக இல்லாமல் எதிர்பார்த்ததாகவே ஒலிக்கும். காந்தாரம் இல்லாத ஒலியில் நிற்பது நம் காதுகளுக்குப் புதிதும் அல்ல. தம்புராவில் நாம் மீட்டுவது பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டுமே. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் அந்தர காந்தாரம் தானாக எழுந்து கேட்பதை ஸ்வயம்பு காந்தாரம் என்று போற்றுகிறோம். தம்புராவில் தானாக எழும் அந்தக் காந்தாரத்தை சஸ் கார்டில் நாம் விரலால் கொண்டுவந்து சேர்க்கிறோம்.

யுகுலேலேயின் பெரிய வகையான பாரிடோன் யுகுலேலே வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதன் தந்திகள் டி, ஜி, பி, இ என்று சுருதி கூட்டப்படுவதால் மேலே சொன்ன வடிவங்கள் எல்லாம் அப்படியே வேலை செய்யும். பெயர்கள் மட்டும் மாறும். 2220 அங்கே ஏ மேஜர், 2230 ஏ சஸ்4, 2200 ஏ சஸ்2.

மீண்டும் வழக்கமான யுகுலேலேக்கு வருவோம். இரண்டு பெயர் கொண்ட அந்த ஐந்து வடிவங்களும் கைக்குப் பழகிய பிறகு, ஏ கார்டின் வடிவத்தை ஒரு ஃபிரெட் மேலே நகர்த்திப் பாருங்கள். 2100 என்பது 3211 ஆகும். அது பி ஃபிளாட் மேஜர். திறந்திருந்த இ, ஏ தந்திகளை இப்போது ஆள்காட்டி விரல் படுத்துக்கொண்டு அழுத்துகிறது. காந்தாரம் சி தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டுக்கு ஏறிவிட்டது. அதனால் ஏ கார்டில் கிடைக்காமல் போன ரிஷபம் இங்கே திறந்த சி தந்தியில் கிடைக்கிறது. சஸ்4-க்கு 3311, மேஜருக்கு 3211, மைனருக்கு 3111, சஸ்2-க்கு 3011 என்று நான்கு படிகளும் வரிசையாக அமைந்துவிடுகின்றன. அந்த 3011-ஐத்தான் எஃப் சஸ்4 என்ற பெயரில் ஏற்கெனவே வாசித்திருக்கிறீர்கள். இன்னும் ஒரு ஃபிரெட் ஏறினால் பி மேஜர், 4322. அதன் சஸ்4 ஆன 4422, சுண்டு விரலைச் சேர்த்தாலே கிடைத்துவிடும். சஸ்2 ஆன 4122-க்கு ஆள்காட்டி விரலை சி தந்தியின் முதல் ஃபிரெட்டுக்கு அனுப்பிவிட்டு, இ, ஏ தந்திகளை நடுவிரலைப் படுக்க வைத்து அழுத்தி, ஜி தந்தியின் நான்காவது ஃபிரெட்டைச் சுண்டு விரலிடம் ஒப்படைக்க வேண்டும். கை சிறிது விரிய வேண்டியிருக்கும், எனவே இதைக் கடைசியாக, கழுத்தின் பின்னால் கட்டைவிரலைத் தளர்வாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தந்தியாக மீட்டிச் சரிபார்த்தபடி பழகுவது நல்லது.